பல் மருத்துவருக்குப் பக்கத்தில் இருப்பவர் யார்?
சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுக்கொள்ளும் ஒரு வேலையைப் பற்றி மூத்தோருக்கு ஒரு விளக்கம்

பல் மருந்தகத்தில் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும் முகக்கவசம் அணிந்த இரண்டு பேர் உங்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். ஒருவர் பல் மருத்துவர். இன்னொருவரைச் சிலர் 'மிஸ்ஸி' என்பார்கள், சிலர் 'தாதி' என்பார்கள். சிங்கப்பூரில் அவருடைய வேலைக்குப் பெயர் பல் மருத்துவ உதவியாளர்.

உங்களை உள்ளே அழைப்பவரும், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பவரும், சிகிச்சை முடிந்து எழுந்திருக்கும்போது கைகொடுப்பவரும் பெரும்பாலும் அவர்தான். ஆனாலும் பல மூத்தோர் அவரிடம் மனம்விட்டுப் பேசுவதில்லை. "எல்லாம் டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். டாக்டர் வந்ததும் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது, பேச முடிவதில்லை. சொல்ல நினைத்தது சொல்லாமலே போய்விடுகிறது.

அவர் என்ன கற்றிருக்கிறார், எப்படிக் கற்றார் என்று தெரிந்தால் அவரிடம் எதைச் சொல்லலாம், எதைக் கேட்கலாம் என்பது உங்களுக்கு விளங்கும். உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலையில் சேர நினைத்தால் அவருக்கும் இந்த விவரங்கள் உதவும்.

பள்ளிக்கூடத்துப் பல் தாதி

உங்களில் பலருக்குப் பள்ளிப் பருவத்தில் பல் தாதியைப் பார்த்த நினைவு இருக்கும். வகுப்பிலிருந்து பெயர் சொல்லி அழைப்பார்கள். வெள்ளைச் சீருடையில் இருக்கும் தாதி பல்லைப் பார்த்துச் சொத்தையை அடைத்து அனுப்புவார்.

பள்ளிப் பிள்ளைகளுக்காகவே பல் தாதியரைப் பயிற்றுவிக்கும் முறையை 1921-இல் தொடங்கிய நாடு நியூசிலாந்து. அதைப் பின்பற்றி 1949-இல் பினாங்கில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. சிங்கப்பூரிலிருந்தும் இளம்பெண்கள் அங்கே சென்று கற்றுத் திரும்பினார்கள். பல் மருத்துவர்கள் மிகக் குறைவாக இருந்த அந்தக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனித்துக்கொண்டவர்கள் அவர்கள்.

அந்தப் பல் தாதியும் இன்று மருத்துவர் அருகில் இருக்கும் உதவியாளரும் ஒருவரல்லர். இன்றைய பல் மருந்தகத்தில் மூன்று வகைப் பணியாளர்களைப் பார்க்கலாம்.

• பல் மருத்துவர்: பல்கலைக்கழகத்தில் படித்துச் சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவர். நோயைக் கண்டறிவது, பல் பிடுங்குவது, செயற்கைப் பல் பொருத்துவது எல்லாம் அவர் பொறுப்பு.

• வாய்ச் சுகாதாரச் சிகிச்சையாளர்: அந்தக் காலப் பல் தாதியின் வழியில் வந்தவர் இவர்தான். நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாண்டு பட்டயப் படிப்பு முடித்து மன்றத்தில் பதிவு பெற்றவர். பற்களில் படிந்த காரையை அகற்றுவது போன்ற சிகிச்சைகளைச் செய்வார்.

• பல் மருத்துவ உதவியாளர்: மருத்துவருக்கும் சிகிச்சையாளருக்கும் துணையாக இருப்பவர். பல்லைக் குடைவது, ஊசி போடுவது, பல் பிடுங்குவது இவர் வேலையல்ல. இவர் பெரும்பாலும் வேலையில் சேர்ந்த பிறகு, அந்த வேலையிடத்திலேயே கற்றுக்கொள்கிறார்.

சம்பளத்தோடு பயிற்சி என்றால் என்ன?

முதலில் படிப்பு, பிறகு வேலை என்பது வழக்கமான வழி. இதில் வேலை முதலில் வருகிறது. மருந்தகம் ஒருவரை ஊழியராகச் சேர்த்துக்கொள்கிறது. அன்றிலிருந்து அவருக்குச் சம்பளமும் உண்டு, மசேநிதியும் உண்டு. அனுபவமுள்ள ஊழியர் ஒருவர் பக்கத்தில் இருந்து கற்றுத்தருவார். சில இடங்களில் வகுப்புகளும் தேர்வுகளும் சேர்ந்தே நடக்கும்.

பயிற்சி படிப்படியாகப் போகும். புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே நோயாளி அருகில் தனியாக விடமாட்டார்கள்.

முதல் படி, சுத்தம். பயன்படுத்திய கருவிகளைக் கழுவி, காயவைத்து, பையிலிட்டு, ஆட்டோகிளேவ் எனப்படும் நீராவி இயந்திரத்தில் வைக்க வேண்டும். பிரஷர் குக்கர் வேலை செய்யும் அதே முறைதான். 134 டிகிரி செல்சியஸில் குறைந்தது 3 நிமிடங்கள், அல்லது 121 டிகிரியில் 15 நிமிடங்கள் என்பது பொதுவான அளவு. வெப்பம் பட்டால் நிறம் மாறும் அடையாளம் பையில் இருக்கும். கருவியைச் சரியாகக் கழுவாமல் உள்ளே வைத்தால், ஒட்டியிருக்கும் அழுக்குக்கு அடியில் கிருமி தப்பிவிடலாம். அதனால்தான் முதல் பாடமே கழுவுவது. கூர்மையான கருவிகள் கையில் குத்தும் ஆபத்து இருப்பதால், ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியும் இந்த வேலையில் முக்கியம்.

இரண்டாம் படி, பற்களின் கணக்கு. மருத்துவர் "த்ரீ சிக்ஸ்" என்று சொல்ல, உதவியாளர் கணினியில் பதிவதைக் கேட்டிருப்பீர்கள். வாய் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. உங்கள் மேல் வலப்பக்கம் 1, மேல் இடப்பக்கம் 2, கீழ் இடப்பக்கம் 3, கீழ் வலப்பக்கம் 4. ஒவ்வொரு பகுதியிலும் நடுவிலிருந்து உள்ளே 1 முதல் 8 வரை எண்ணுவார்கள். 36 என்றால் கீழ் இடப்பக்கத்தில் ஆறாவது பல், அதாவது ஒரு கடைவாய்ப் பல்.

ஈறைச் சோதிக்கும்போது சொல்லும் எண்கள் வேறு. அவை பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழம், மில்லிமீட்டர் கணக்கில். 3 வரை பொதுவாக நல்ல நிலை. 4, 5, 6 என்று கேட்டால் ஈறைக் கவனிக்க வேண்டும் என்று பொருள். அடுத்த முறை நீங்களும் காதுகொடுத்துக் கேட்கலாம், விளக்கமும் கேட்கலாம்.

மூன்றாம் படி, நான்கு கைகளால் ஒரே வேலை. சாய்ந்திருக்கும் உங்கள் முகத்தை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். நெற்றி உச்சி 12 மணி, முகவாய் 6 மணி. வலக்கைப் பழக்கமுள்ள மருத்துவர் 9 மணிக்கும் 12 மணிக்கும் இடையே உட்காருவார். உதவியாளர் எதிர்ப்பக்கத்தில், 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே இருப்பார். கருவிகள் கைமாறுவது உங்கள் கண்களுக்கு மேலே அல்ல, முகவாய்க்கு அருகில். தண்ணீரையும் எச்சிலையும் உறிஞ்சும் குழாயை எங்கே பிடிப்பது, நாக்கையும் கன்னத்தையும் எப்படி ஒதுக்குவது, அடுத்து எந்தக் கருவி தேவைப்படும் என்பதெல்லாம் புத்தகத்தில் மட்டும் படித்து வருவதல்ல. பலமுறை செய்துதான் கை பழகும்.

நான்காம் படி, கலவைகள். செயற்கைப் பல்லுக்கு அச்சு எடுக்கும் மாவைத் தண்ணீரில் குழைக்க வேண்டும். சில நிமிடங்களில் அது இறுகிவிடும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். கட்டியில்லாமல், காற்றுக் குமிழி இல்லாமல், நேரத்துக்குள் குழைக்கப் பழக வேண்டும். அச்சு எடுக்கும்போது குமட்டல் வந்தால் என்ன செய்வது என்று உங்களுக்குச் சொல்வதும் உதவியாளர் கற்கும் பாடம். தலையைச் சற்று முன்னால் சாய்த்து மூக்கால் மெதுவாக மூச்சுவிடுங்கள்.

கடைசிப் படி, மனிதர். இது முடியும் படியல்ல, வேலையில் இருக்கும்வரை தொடரும். காது மந்தமானவரிடம் முகக்கவசத்தோடு எப்படிப் பேசுவது, சக்கர நாற்காலியில் வந்தவரை எப்படி மாற்றி உட்காரவைப்பது, பயந்திருப்பவரின் கை இறுகுவதை எப்படிக் கவனிப்பது என்பவை இதில் அடங்கும்.

அவரிடம் நீங்கள் மறைக்கக் கூடாதவை

உதவியாளர் உங்களிடம் கேட்கும் கேள்விகள் வெறும் படிவத்தை நிரப்புவதற்கல்ல. உங்கள் பதிலைப் பார்த்துத்தான் மருத்துவர் சிகிச்சையைத் திட்டமிடுவார்.

ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்றவற்றைச் சாப்பிட்டால் பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்க நேரமாகும். முன்பே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்ற ஏற்பாடு செய்வார். "பல் பிடுங்கப் போகிறேன்" என்று நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கும் மருந்து அது.

எலும்புத் தேய்மானத்துக்கான மருந்து. வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியோ நினைவுக்கு வராமல் போகலாம். தினமும் சாப்பிடும் மருந்து இல்லையே என்று பலர் சொல்லாமல் விடுகிறார்கள். இந்த மருந்துகளை எடுப்பவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கியபின் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. அதனால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நீரிழிவு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் கூடும், புண்ணும் தாமதமாக ஆறும். காலையில் சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா என்று அவர் கேட்பது, நாற்காலியில் இருக்கும்போது உங்களுக்குச் சர்க்கரை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகவும்தான்.

பொருந்தாத பல் செட். "வயசானால் இப்படித்தான்" என்று பொறுத்துக்கொண்டு, பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கஞ்சியும் ரொட்டியுமாகச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். நாளாவட்டத்தில் இறைச்சியும் காய்கறியும் தட்டிலிருந்து போய்விடுகின்றன, உடம்பு தளர்கிறது. பற்கள் இல்லாத இடத்தில் தாடை எலும்பு ஆண்டுக்காண்டு தேய்வதால், ஒரு காலத்தில் சரியாக இருந்த செட்டும் பிறகு தளரும். அதைச் சரிசெய்ய வழி உண்டு. கழற்றி வைத்த செட்டையும் கையோடு கொண்டுவாருங்கள்.

சிகிச்சையின்போது வலித்தால் என்ன சைகை காட்டுவது என்று தொடங்கும் முன்பே உதவியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் இடக்கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள். கருவிப் பையை உங்கள் முன்னால் பிரிக்கும்படி கேட்பதிலும் தவறில்லை.

உங்கள் வீட்டில் யாராவது சேர விரும்பினால்

பள்ளி முடித்த பேரப்பிள்ளையாக இருக்கலாம், பிள்ளைகள் வளர்ந்தபின் மீண்டும் வேலைக்குப் போக நினைக்கும் மகளாகவோ மருமகளாகவோ இருக்கலாம். கைச்சுத்தமும் பொறுமையும் மறதியில்லாத பழக்கமும் இந்த வேலைக்கு வேண்டும். ஆண்களும் சேரலாம். ஆங்கிலத்தில் படித்துப் பதியத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் பேசத் தெரிந்திருந்தால், உங்களைப் போன்ற மூத்தோருக்கு அது பெரிய ஆறுதல்.

வேலை எளிதல்ல. நாள் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகும் கழுத்தும் வலிக்கும். பல மருந்தகங்கள் சனிக்கிழமையும் மாலையிலும் திறந்திருக்கும். ரத்தத்தைப் பார்த்தால் மயங்குபவருக்கு இது ஒத்துவராது.

கையெழுத்திடும் முன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்:

• பயிற்சிக் காலத்தில் சம்பளம் எவ்வளவு? முடிந்தபின் எவ்வளவு?
• யார் கற்றுத்தருவார்? கற்றதை யார் சோதிப்பார்?
• முடிவில் சான்றிதழ் கிடைக்குமா? வேறு மருந்தகத்தில் அது செல்லுமா?
• பயிற்சிக்காக இத்தனை காலம் இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டா? இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா?
• வேலை நேரம் என்ன?

40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதத்தில் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை வழங்கப்பட்டது. குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். சேர நினைக்கும் வகுப்பு அதில் அடங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சியில் இருப்பவர் உங்களைக் கவனித்தால்

"இவர் பயிற்சியில் இருக்கிறார், பக்கத்தில் இருக்கலாமா?" என்று உங்களிடம் கேட்கக்கூடும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சரி என்றால், அனுபவமுள்ள ஒருவர் உடன் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழாய் ஒருமுறை நாக்கில் ஒட்டலாம், வேலை சற்று மெதுவாக நடக்கலாம். எங்கே உறுத்தியது, எது வசதியாக இருந்தது என்று நீங்கள் சொன்னால் அவர் அதை அடுத்த நோயாளியிடம் மறக்கமாட்டார்.

அடுத்த முறை பல் மருந்தகத்துக்குப் போகும்போது

1. சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும், எப்போதாவது போடும் ஊசியின் விவரத்தையும் கொண்டுபோங்கள்.
2. பல் செட்டைக் கொண்டுபோங்கள், பயன்படுத்தாவிட்டாலும்கூட.
3. அடையாள அட்டையுடன் சாஸ், முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டைகளில் உங்களிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சாஸ் திட்டத்தில் சேர்ந்த பல் மருந்தகங்களில் கட்டணக் கழிவு கிடைக்கக்கூடும்.
4. வலி, ரத்தக் கசிவு, மெல்ல முடியாத உணவு எதுவானாலும் நாற்காலியில் சாயும் முன்பே உதவியாளரிடம் சொல்லிவிடுங்கள்.
5. வீட்டுக்குப் போனபின் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதித்தரச் சொல்லுங்கள். தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள்.