பனிக்காட்டில் அடுப்புக் கூடாரம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1893ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அல்கோன்குவின் பூங்காவில், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸுக்கும் இறங்குவதுண்டு. ஏரிகள் உறைந்து பாதைகளாகிவிடும் அப்பருவத்தில், துணிக்கூடாரத்தையும் சிறு விறகடுப்பையும் நீண்ட சறுக்குப்பலகையில் கட்டி இழுத்துச் சென்று காட்டுக்குள் தங்குவோர் உண்டு. கடுங்குளிரிலும் உள்ளே மேலங்கியைக் கழற்றிவிட்டு உட்காரலாம் என்பதே இக்கூடாரத்தின் சிறப்பாகப் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதைவிடப் பெரிய பயன் ஈரத்தைப் போக்குவதில் இருக்கிறது.

உறங்குபவரின் உடலிலிருந்து இரவு முழுவதும் வெளியேறும் நீராவி, உறக்கப்பையில் திணித்த இறகுகளின் ஊடே கடந்து, வெளித்துணியை நெருங்கும் இடத்தில் பனிப்படிகமாக உறைகிறது. நெருப்பில்லாத பயணத்தில் இப்படிகங்கள் நாளுக்கு நாள் சேர்வதால் இறகு உப்பலை இழந்து கட்டிதட்டுகிறது. காற்றைப் பிடித்துவைத்து உடற்சூட்டைக் காப்பது அந்த உப்பலே என்பதால், முதல் இரவில் போதுமாயிருந்த பை நான்காம் இரவில் போதாமற்போகலாம். வியர்வையில் நனைந்த காலுறைக்கும் கையுறைக்கும் இதே கதிதான். மாலையில் அடுப்பெரியும்போது, சூடான காற்று ஏறித் தங்கும் முகட்டின் அடியில் கயிறு கட்டி இவற்றைத் தொங்கவிட்டால், மறுநாள் நடைக்கு உலர்ந்த துணி கிடைக்கும்.

இந்த ஏற்பாடு புதியதன்று. லாப்ரடோர் பகுதியின் இன்னு மக்கள், வணிகர் வழியே வந்த கான்வாஸையும் தகர அடுப்பையும் தம் வேட்டை வாழ்வில் இணைத்துக்கொண்டனர். ஃபர், ஸ்ப்ரூஸ் மரங்களின் கிளைநுனிகளை, ஒன்றன் காம்பு மற்றொன்றின் அடியில் மறையுமாறு நெருக்கமாகப் பரப்பி அவர்கள் அமைக்கும் தரை, பனியின் குளிரைத் தடுப்பதோடு மணமும் வீசும். பூங்காக்களில் பச்சைமரம் வெட்டத் தடை இருப்பதால் இன்றைய பயணிகள் விரிப்புகளையே நம்ப வேண்டியுள்ளது.

முதுகில் சுமப்போருக்கென ஒற்றைக் கம்பத்தில் நிற்கும் நைலான் கூடாரமும், தகடுகளாக மடங்கும் டைட்டானியம் அடுப்பும் வந்துள்ளன. புகைக்குழாய் கூரையைக் கடக்கும் இடத்தில் வெப்பந்தாங்கும் கண்ணாடியிழைத் துணி தைக்கப்பட்டிருக்கும். எடை குறைவுதான், ஆனால் பருத்திக் கான்வாஸ் நீராவியை வெளியே விடுவதுபோல் நைலான் விடாமையால் உட்சுவரில் ஈரம் படிந்து சொட்டும், தீப்பொறி பட்டால் எளிதில் ஓட்டையும் விழும். சறுக்குப்பலகை செல்லும் வழியாயின் கான்வாஸே மேல். அடுப்பின் கால்கள் உருகும் பனியில் புதையாதிருக்கக் கட்டைகளைக் குறுக்கே இட வேண்டும். நின்றபடியே பட்டுக் காய்ந்த மரமே நல்ல விறகு.

சிறிய அடுப்பில் சிறிதளவு விறகே கொள்ளும். அது அணைந்த சில நிமிடங்களில் கூடாரத்தின் சூடும் போய்விடும். ஆகவே உறக்கப்பை வெளிக்குளிருக்கு ஏற்றதாகவே இருக்க வேண்டும். எரியவிட்டே உறங்குவதிலோ இரட்டை ஆபத்து: ஒன்று தீ, மற்றொன்று, நிறமும் மணமும் இன்றி இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் கார்பன் மோனாக்சைடு வாயு. மேலும் கீழும் காற்றுவழி திறந்திருப்பதும், அவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி உடனிருப்பதும் கட்டாயம். பின்லாந்து இராணுவக் கூடாரங்களிலோ, மற்றவர் உறங்கும்போது ஒருவர் விழித்திருந்து அடுப்பைக் காப்பது முறையான காவற்பணியாகவே இருந்துவருகிறது.