விளையாட்டின் நடுவே நின்றுபோகும் கம்ப்யூட்டர்!
பையன் மீது பழி, குற்றவாளி வேறு!

"கம்ப்யூட்டர் நின்றுவிட்டது!"

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பல வீடுகளில் கேட்கும் கூக்குரல் இது. காஞ்சீபுரம் பக்கத்தில் உள்ள முசரவாக்கமானாலும் சரி, சென்னை மாம்பலமானாலும் சரி, கதை ஒன்றுதான்.

திரையில் கார் பறந்துகொண்டு இருக்கும். இன்னும் ஒரே ஒரு வளைவு. அதைத் தாண்டினால் வெற்றி. அந்த நேரம் பார்த்து, படம் அப்படியே உறைந்து நின்றுவிடும். மவுசை ஆட்டினால் அசையாது. சில சமயம் திரை நீல நிறமாக மாறும். சில சமயம் கம்ப்யூட்டரே பட்டென்று அணைந்து, தானாக மறுபடி எழும்பும்.

உடனே வீட்டில் என்ன நடக்கும்? பையனுக்குத் திட்டு விழும். "ஆடி ஆடியே கெடுத்துவிட்டாய்!" என்பார் அப்பா. மறுநாள் பெட்டி கடைக்குப் போகும். ஏதோ ஒரு பாகத்தை மாற்றுவார்கள். ஆயிரக்கணக்கில் பணம் போகும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே கூக்குரல்!

உண்மையில், விளையாட்டு கம்ப்யூட்டரைக் கெடுப்பது இல்லை. ஏற்கனவே உள்ளே இருந்த குறையை வெளியே காட்டிக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

பளு ஏறுகிறது

கணக்கு எழுதும்போது கம்ப்யூட்டர் நிற்பது இல்லை. சினிமா பார்க்கும்போதும் நிற்பது இல்லை. கார்ப் பந்தயம், துப்பாக்கிச் சண்டை என்றால்தான் நிற்கிறது. ஏன்?

இந்த ஆட்டங்களில் சாலை, மரம், மனிதன், நிழல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஒரு விநாடிக்கு 60 தடவை புதிது புதிதாக வரைய வேண்டும். கணக்குப் போடும் பிராசஸரும், படம் வரையும் கிராபிக்ஸ் கார்டும் மூச்சு விடாமல் உழைக்கும். சும்மா இருக்கும்போது ஓரிரண்டு டியூப் லைட் அளவு மின்சாரம் குடிக்கும் பெட்டி, ஆட்டம் தொடங்கியதும் நாலைந்து மின்விசிறிகள் அளவுக்குக் குடிக்கும். குடித்த மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாக மாறுகிறது.

அந்தச் சூடு வெளியே போகாவிட்டால்?

இப்போதைய பிராசஸர்கள் பலவும் 100 டிகிரியை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால், கம்ப்யூட்டர் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். அது தற்காப்பு! வெந்து போகாமல் பிழைத்துக்கொள்ளச் செய்யும் காரியம்.

சித்திரை, வைகாசியில் நம் ஊர் வீடுகளில் அறையே அடுப்பாக இருக்கிறது. போதாக்குறைக்குப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து, மேலே ஒரு துணியையும் போர்த்திவிடுகிறார்கள். தறி ஓடும் வீடு என்றால் நூல் பிசிறு வேறு. உள்ளே இருக்கும் விசிறியிலும், அலுமினியத் தகடுகளிலும் அது தூசியோடு சேர்ந்து கம்பளம்போலப் படிந்துவிடும். பிறகு காற்று எப்படிப் போகும்?

காசில்லாத சோதனை

சூடுதான் காரணமா என்று கண்டுபிடிக்கக் காசு செலவு இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பக்க மூடியைக் கழற்றுங்கள். எதிரே ஒரு மேஜை விசிறியை வையுங்கள். பிறகு பிளக்கைப் போட்டு, அரை மணி நேரம் அதே ஆட்டத்தை ஆடிப் பார்க்கட்டும். சின்னக் குழந்தைகள் கிட்டே வரக்கூடாது. உள்ளே விசிறி சுழலும்.

இப்போது நிற்கவில்லையா? திருடன் பெரும்பாலும் அகப்பட்டுவிட்டான். பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய், ஊதும் கருவியால் தூசியை ஊதி எடுங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத் துணி கூடவே கூடாது.

பழைய கம்ப்யூட்டராக இருந்தால், பிராசஸருக்கும் அதன் மேலே உள்ள உலோகத் தகட்டுக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கும். பழசைத் துடைத்து, பட்டாணி அளவு புதிது வைத்தால் போதும். சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் சரக்குத்தான்.

பெட்டிக்குள் கரப்பான், எறும்பு, பல்லி குடியிருப்பதும் உண்டு. காஞ்சீபுரம் வரதராஜப் பெருமாள் கோவில் தங்கப் பல்லியைத் தொட்டால் தோஷம் போகும் என்பார்கள். இந்தப் பல்லி மதர்போர்டைத் தொட்டால் கம்ப்யூட்டரே போய்விடும்! அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் 1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி ஒரு அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துக் குறிப்பு நோட்டிலேயே ஒட்டி வைத்தார்கள்.

பட்டென்று அணைந்தால்?

நீலத் திரையும் வராமல், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பட்டென்று அணைந்தால், எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்சாரப் பெட்டி மீதும் சந்தேகப்பட வேண்டும். மலிவான பெட்டியும், பல வருடம் உழைத்த பெட்டியும் பளு ஏறும்போது தாக்குப் பிடிக்காது. தெருவில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடி, மின் அழுத்தம் இறங்கும் மாலை வேளையில் இது அதிகம்.

விண்டோசுக்குள் "ஈவன்ட் வியூவர்" என்று ஒரு நாட்குறிப்பு இருக்கிறது. அதில் "கெர்னல் பவர் 41" என்று ஒரு வரி இருக்கும். அதைக் காட்டி, "எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. நம்பிவிட வேண்டாம். முறையாக அணைக்காமல் கம்ப்யூட்டர் நின்றது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்வது இல்லை. நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. பழைய பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

நீலத் திரை அடிக்கடி வந்தால், ரேம் அட்டைகளைக் கழற்றித் திரும்ப அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு அட்டை இருந்தால், ஒவ்வொன்றாகப் போட்டு ஆடிப் பாருங்கள். ஒன்று இருக்கும்போது மட்டும் நின்றால், அதுதான் சொத்தை. கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுவதும் பல நேரம் பலன் தரும்.

நெசவாளர் வழி

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நாலையும் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாது. காஞ்சீபுரம் நெசவாளர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியது இல்லை. சேலையில் பூ கோணலாக விழுந்தால் தறியையா மாற்றுகிறார்கள்? எந்த இழை அறுந்தது, எந்த அட்டை பிசகியது என்று தேடிப் பிடிப்பார்கள். தறிக்கு மேலே தொங்கும் அந்த ஓட்டை அட்டைகள், பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் உருவாக்கிய தறியின் வழி வந்தவை. பிற்காலத்தில் கம்ப்யூட்டருக்கும் அதேபோன்ற ஓட்டை அட்டையில்தான் கட்டளை கொடுத்தார்கள்!

உலகமே ஏமாந்த கதை

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் நிற்கிறது என்றால்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

இன்டெல் நிறுவனத்தின் 13-ம் தலைமுறை பிராசஸர்கள் 2022-ல் வந்தன. 14-ம் தலைமுறை 2023-ல் வந்தது. அவற்றில் விலை உயர்ந்த வகைகளை வாங்கியவர்கள் பலருக்கு, ஆட்டம் தொடங்கும்போதே கம்ப்யூட்டர் நின்றது. "கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை" என்று திரையில் எழுத்து வந்தது. படிப்பவர் என்ன நினைப்பார்? கிராபிக்ஸ் கார்டுதான் கெட்டுவிட்டது என்றுதானே? ஆனால் கார்டு நன்றாகவே இருந்தது!

2024 ஜூலையில் இன்டெல் நிறுவனமே உண்மையைச் சொன்னது. பிராசஸருக்குள் இருந்த கட்டளைக் குறிப்பில் பிழை. அதனால் அது தேவைக்கு மேல் மின் அழுத்தத்தைக் கேட்டு வாங்கியது. நாளாக நாளாக நலிந்தும் போனது. அந்த ஆண்டு ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டார்கள். தனியாக வாங்கிய பிராசஸர்களுக்கு 3 ஆண்டாக இருந்த உத்தரவாதத்தை 5 ஆண்டாக நீட்டினார்கள்.

திருத்தம் நல்ல பிராசஸரைக் காப்பாற்றும். ஏற்கனவே நலிந்துபோனதைக் குணப்படுத்தாது. அதை மாற்றித்தான் வாங்க வேண்டும். ஆகவே, இந்த இரண்டு தலைமுறைகளில் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், மதர்போர்டு நிறுவனம் தரும் புதிய பயாசை முதலில் ஏற்றிவிடுங்கள். முழுக் கம்ப்யூட்டராக வாங்கியவர்கள், அதைத் தயாரித்த நிறுவனத்திடம் கேட்க வேண்டும். எதற்கும், வாங்கிய நாள் ரசீதை பீரோவிலிருந்து தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.