பையில் பொட்டலம் கிடைத்தால் குற்றவாளி யார்?

உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டால் வெளியே ஒன்றும் தெரியாது. புகை வராது, எழுந்துபோய்த் துப்பவும் வேண்டாம். கூல் லிப் என்று நம் மாணவர்கள் சொல்லும் அந்தச் சிறு புகையிலைப் பொட்டலத்தை வாயில் அடக்கிக்கொண்டு கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்க முடியும். பீடி, சிகரெட் நாற்றத்தை மோப்பம் பிடித்தே பழகிய பெற்றோரும் ஆசிரியர்களும் இதில் ஏமாந்து போகிறோம். மிட்டாய் வாசனை வீசுவதால் பிள்ளைகளும் இதைப் புகையிலையாகவே நினைப்பதில்லை.

ஆனால் உள்ளே இருப்பது நிகோடின். வாயின் மெல்லிய சவ்வு வழியாக நேரே ரத்தத்தில் கலக்கும். மூளையின் வளர்ச்சி ஏறக்குறைய 25 வயது வரை நடக்கிறது. கவனத்தையும் நிதானத்தையும் ஆளும் பகுதி கடைசியில்தான் முதிர்கிறது. அதனால்தான் பெரியவர்களைவிட வளரிளம் பருவத்தினர் சீக்கிரம் அடிமையாகிறார்கள். பொட்டலம் வைக்கும் இடத்தில் ஈறு கீழிறங்கும், வெள்ளைத் திட்டு படரும். அந்தத் திட்டு சிலருக்குப் புற்றுநோயாக மாறக்கூடும். பாக்கு கலந்த குட்கா என்றால் வாயைத் திறக்கவே முடியாதபடி தசை இறுகும் நோயும் சேர்ந்துகொள்ளும்.

2019-ல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். புகையில்லா வகையைத் தொட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் பத்து வயது நிரம்பும் முன்பே தொடங்கியவர்கள். பத்து வயதில் ஒரு குழந்தை தானாகத் தேடிப் போகாது, யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

அந்த யாரோ ஒருவரைத்தான் சட்டம் குறிவைக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 77: 18 வயது நிரம்பாதவருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். போதைப் பழக்கத்துக்குள் இழுக்கப்படும் நிலையில் உள்ள பிள்ளையை அதே சட்டம் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்கிறது. நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது. பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்புகிறார்கள், கடை மறுநாளும் திறந்திருக்கிறது. பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட பிள்ளை அந்தக் கடை வாசலில்தான் போய் நிற்கும்.

கடைக்காரர் தப்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலும் 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில்தான் நடவடிக்கை எடுக்கிறார்கள். 18 வயதுக்குக் கீழானவருக்கு விற்பதையும், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள் விற்பதையும் அது தடுக்கிறது. அபராதமோ 200 ரூபாய் வரைதான். அரை மணி நேர வியாபாரத்தில் அதை எடுத்துவிடுவார்கள். எனவே புகார் எழுதும்போது சிறார் நீதிச் சட்டம் 77-ஐ மறக்காமல் குறிப்பிடுங்கள். குட்காவும் புகையிலை கலந்த பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடைசெய்யப்பட்டவை என்பதால், உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் ஒரு நகல் கொடுக்கலாம். வாங்க வந்தவர் சிறுவர் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது. ‘பெரிய பையன்னு நினைச்சேன்’ என்பது செல்லாது.

இங்கே வீட்டையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ‘ஓடிப்போய் ஒரு சிகரெட் வாங்கிட்டு வாடா’ என்று அனுப்பும் அப்பாக்களும் மாமாக்களும் இன்றும் இருக்கிறார்கள். யாருக்காக வாங்கினாலும் பிள்ளை கையில் விற்பது குற்றம்தான். கடைக்காரரைப் பழக்கிவிட்டது நாமே.

காவல் நிலையம் போகத் தயங்குகிறவர்கள் 1098-ஐ அழைக்கலாம். குழந்தைகளுக்கான இந்த எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், மாணவரே பேசலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பிடிபட்ட பிள்ளையை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 74-ன்படி தண்டனைக்குரியது. அவமானத்துக்குப் பயந்து பழக்கத்தை விட்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை, ஒளித்துச் செய்யக் கற்றுக்கொண்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

விட முயலும் பிள்ளைக்கு முதல் மூன்று நாள் மிகக் கடினம். எரிந்து விழுவார்கள், தலை வலிக்கும், படிப்பில் மனம் நிற்காது. அதைத் திமிர் என்று எண்ணி அடித்தால் எல்லாம் பாழ். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். தண்ணீர், நடை, வாய்க்கு வேர்க்கடலை, பேச ஓர் ஆள், இவை உதவும். நிகோடின் சூயிங்கம்மை மருத்துவரைக் கேட்காமல் சிறுவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். 1800 11 2356 என்ற இலவச ஆலோசனை எண்ணைப் புகையிலை உறைகளிலேயே பார்க்கலாம். மனச்சோர்வும் பதற்றமும் கூடவே இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ தெரிந்தால் அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு மாதம் விட்டிருந்த பிள்ளை மறுபடி தொட்டுவிட்டால் புகையிலை உறையில் உள்ள அதே ஆலோசனை எண்ணைத் திரும்பவும் அழையுங்கள். ஒரே முயற்சியில் விட்டவர்கள் பெரியவர்களிலும் குறைவு.