வானொலிக்கும் கணினிக்கும் நடுவே எந்தப் பெட்டி?

2004 சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுவந்ததில் இலங்கை அமெச்சூர் வானொலிக்காரர்களின் சிற்றலைக்குப் பெரும் பங்கு உண்டு. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்கும் சிற்றலைதான் கைகொடுக்கும். 7 மெகாஹெர்ட்ஸ் அலை மேலே போய் வானடுக்கில் பட்டுத் திரும்புவதால், நடுவில் நிற்கும் மலை அதை மறிப்பதில்லை. அதோடு கணினியும் சேர்ந்தால், எஃப்டி8 போன்ற முறைகளில் காதுக்கு எட்டாத சிக்னலையும் படிக்கலாம்.

இரண்டையும் இணைக்கும் இடைமுகப் பெட்டிக்கு வேலை மூன்று: ஓசையை இருபக்கமும் கடத்துவது, அனுப்பும் நேரத்தில் வானொலியின் பிடிடி எனும் அனுப்பும் பொத்தானை அழுத்துவது, இரண்டு கருவிகளின் மின்சுற்றையும் பிரித்து வைப்பது.

வாங்குமுன் உங்கள் வானொலியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஐகாம் ஐசி-7300-க்குள்ளேயே சவுண்ட் கார்ட் இருக்கிறது; யூஎஸ்பி வயர் ஒன்று போதும். யேசு எஃப்டி-891-இலும் யூஎஸ்பி உண்டு, ஆனால் அது கட்டுப்பாட்டுக்கு மட்டுமே; ஓசைக்குத் தனிப்பெட்டி வேண்டும். எஃப்டி-818-க்கு டேட்டா துளைக்குப் பொருந்தும் வயரோடு பெட்டி தேவை.

சிக்னாலிங்க் பெட்டியில் ட்ரான்ஸ்போமர் உண்டு; ஓசை வந்ததும் தானே பிடிடியை இயக்கும். அலைவரிசையைக் கணினியிலிருந்து மாற்ற அது உதவாது. டிஜிரிக் சிறியது, ஓசை, கட்டுப்பாடு இரண்டையும் ஒன்றாகத் தரும். சோல்டரிங் பழகியவர் மலிவான யூஎஸ்பி சவுண்ட் கார்ட், 600 ஓம் ட்ரான்ஸ்போமர் இரண்டு, பிடிடியை இயக்க 4என்25 ஆப்டோகப்ளர் ஒன்று ஆகியவற்றைக் கொண்டு தாமே செய்துகொள்ளலாம்.

எதை எடுத்தாலும் மின்சுற்றைப் பிரிக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வானொலியும் மடிக்கணினியும் வெவ்வேறு பிளக்கில் ஓடும்போது, பிரிப்பு இல்லாவிட்டால் அவற்றுக்கிடையே உண்டாகும் மின் இரைச்சல் உங்கள் சிக்னலோடு சேர்ந்தே போகும்.

பொருத்தியதும், ஓசை மிகுவதைக் காட்டும் வானொலியின் ஏஎல்சி முள்ளைக் கவனியுங்கள். அது அசையத் தொடங்கும் வரை ஓசையைக் கூட்டி, அங்கிருந்து சற்றுக் குறையுங்கள். விலையுயர்ந்த பெட்டியைவிட இந்த ஒரு திருகுதான் சிக்னலைச் சுத்தமாக்கும்.

அனுப்புவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் அவசியம். சப்ரகமுவவில் சித்திரை, ஐப்பசி மாதங்களின் பின்னேர இடியும் பொல்லாதது. ட்ரான்ஸ்போமர் இரைச்சலைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. வானம் இருளும் முன்பே அன்டெனாவையும் மின்பிளக்கையும் யூஎஸ்பி வயரையும் கழற்றிவிடுங்கள்.