பெடல் மெத்தென்று இறங்கினால்

பிரேக் பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன், குழாய்களில் நிறைந்திருக்கும் பிரேக் ஆயிலை அழுத்துகிறது. திரவம் எளிதில் சுருங்காது. காலின் அழுத்தம் குறையாமல் சக்கரங்களுக்குப் போய்ச் சேர்வது அதனால்தான். குழாயில் கொஞ்சம் காற்று புகுந்துவிட்டாலோ, மிதிப்பதில் ஒரு பங்கு அந்தக் காற்றை நசுக்கவே செலவாகிவிடும். வீட்டிலேயே பேடோ காலிப்பரோ மாற்றிய பிறகு பெடல் மெத்தென்று இறங்கினால், ‘ஏர் இருக்கு’ என்று திரும்பத் திரும்ப ஆயிலை இறக்குவது வழக்கம். காரணம் வேறாக இருந்தால் ஆயில்தான் வீண். ஸ்பானரைத் தொடுமுன் காலால் சோதிப்பதே நல்லது.

பேடு மாற்றிய காரில் முதல் மிதி தரைவரை போவது கோளாறே அல்ல. புதுப் பேடுக்கு இடம் தருவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். வண்டியை நகர்த்தாமல் பெடலை நிதானமாகப் பலமுறை மிதித்தால், பேடு டிஸ்கைத் தொட்டதும் பெடல் கெட்டிப்படும். இதைச் செய்யாமல் வண்டியைக் கிளப்பினால் காம்பவுண்டுச் சுவர்தான் பிரேக்.

அதற்குப் பிறகும் மெத்தென்றே இருந்தால், என்ஜினை அணைத்து, பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் தீர ஐந்தாறு முறை மிதித்துவிட்டுக் கவனிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே எழும்பி, ஆனாலும் ஸ்பிரிங் போலத் துள்ளினால் காற்றின் வேலை. எழும்பிக் கெட்டியாக நின்றுவிட்டால் இடைவெளி அதிகம்: பின்சக்கர டிரம்மில் ஷூ தள்ளி நிற்கும், அட்ஜஸ்ட் செய்தால் போதும். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் எங்கோ கசிகிறது. வெளியே ஈரமே இல்லை, ஆயில் அளவும் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கலாம். பழைய கார்களில் ஏர் எடுக்கும் வேலையே இதைக் கெடுத்துவிடுவதுண்டு. அன்றாடம் பெடல் பாதித் தூரம்தான் போகும். அதற்கப்பால் சிலிண்டரின் உட்சுவரில் துருவும் கசடும் படிந்திருக்கும். தரைவரை மிதிக்கும்போது சீல் அதில் உரசிக் கிழிகிறது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

காற்றுதான் என்று முடிவானால், ஏர் எடுக்கும் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பல கார்களில் இடது, வலது காலிப்பர்களை மாற்றி மாட்டினாலும் போல்ட் சரியாகவே உட்காரும். நிப்பிள் மட்டும் மேலே இருக்க வேண்டியது கீழே போய்விடும். காற்று காலிப்பரின் உச்சியில் தங்கிக்கொள்ள, அடியிலிருந்து சுத்தமான ஆயில் மட்டும் வந்துகொண்டே இருக்கும். எத்தனை பாட்டில் ஊற்றினாலும் பெடல் மாறாது. இரண்டையும் இடம் மாற்றினால் தீர்ந்தது.

ஏர் எடுக்க ஆள் இரண்டு வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, கால் எடுக்கப்படுமுன் மூடிவிட வேண்டும். இடையில் மாஸ்டர் சிலிண்டரின் மேலுள்ள ஆயில் டப்பா காலியானால் புதிதாகக் காற்று இறங்கி, வேலை முதலிலிருந்து தொடங்கும். எந்தச் சக்கரத்தில் ஆரம்பிப்பது என்பதை அந்தக் காரின் கையேடுதான் சொல்லும்.

வீட்டில் கெட்டியாக இருந்த பெடல் மலை இறக்கத்தில் மட்டும் மெத்தென்று ஆனால், ஈரத்தை உறிஞ்சிய ஆயில் பிரேக்கின் சூட்டில் கொதித்து ஆவியாகியிருக்கலாம். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். எப்போதோ திறந்து வைத்த பாட்டிலை ஊற்றக் கூடாது.

கோளாறு எந்தச் சக்கரத்தில் என்று தெரியாவிட்டால், ரப்பர் ஹோஸ்களைக் காயப்படுத்தாத ஹோஸ் கிளாம்பால் எல்லாவற்றையும் அடைத்துப் பார்க்கலாம். பெடல் கெட்டியானால் மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திறந்துவரும்போது எதில் பெடல் இறங்குகிறதோ அங்கேதான் கோளாறு. அடைத்தும் மெத்தென்றே இருந்தால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மீதும் ஏபிஎஸ் யூனிட் மீதும் விழும். யூனிட்டுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற, பல கார்களில் அதன் பம்பையும் வால்வுகளையும் ஸ்கேன் கருவியால் இயக்க வேண்டும். அது வீட்டில் இருக்காது. வண்டியை ஓட்டிச் செல்லாமல் ஏற்றிக்கொண்டுதான் ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும்.