24 கொண்டை ஊசி வளைவுகள்... ஒரு பிரசவ ஊசி! - வத்தல்மலை கர்ப்பிணிகள் அறிய வேண்டியவை

தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். வழியில் 24 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் பால்சிலம்பு, பெரியூர், சின்னாங்காடு, ஒன்றியங்காடு என மலையாளி பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்கள். காபி, மிளகு, சாமை விளையும் வத்தல்மலை இது. நல்ல சாலை இல்லாத காலத்தில், பிரசவ வலி எடுத்த பெண்ணை டோலி கட்டித்தான் கீழே தூக்கி வந்தார்கள். இப்போது தார்ச்சாலை இருக்கிறது. அரசு பஸ்ஸும் ஏறுகிறது. ஆனாலும் நள்ளிரவில் வலி வந்தால், அத்தனை வளைவுகளையும் இறங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

அந்தப் பதற்றத்தில்தான் ஒரு யோசனை வரும். ‘யாரையாவது கூப்பிட்டு ஒரு ஊசி போட்டா சீக்கிரம் பிறந்துடுமே!’ மலையில் மட்டுமல்ல, சமவெளியிலும் கேட்கிற பேச்சுதான். ஆனால், தாயையும் பிள்ளையையும் ஆபத்தில் தள்ளக்கூடிய பேச்சு.

ஒரே மருந்து, இரண்டு முகம்

அந்த ஊசியின் பெயர் ஆக்ஸிடோசின். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தசையில் 10 யூனிட் போட்டால், கர்ப்பப்பை இறுகி ரத்தப்போக்கு கட்டுப்படும். பிரசவத்துக்குப் பிறகு கட்டுக்கடங்காமல் ரத்தம் போனால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம். அதனால், அந்த நேரத்தில் இது உயிர் காக்கும் ஊசி.

இதையே குழந்தை பிறக்கும் முன்பு தசையில் போட்டால்? கர்ப்பப்பை ஓய்வில்லாமல் இறுகும். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் குழந்தைக்கு ஆக்ஸிஜன் சரியாகப் போய்ச் சேரும். அது இல்லாமல் போனால் குழந்தை தவித்துப்போகும். கர்ப்பப்பை கிழியவும் கூடும். ஏற்கெனவே சிசேரியன் ஆன பெண்ணுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

மருத்துவமனையில் வலி வரவைக்க இதே மருந்தைக் கொடுப்பது உண்டு. ஆனால், அங்கே டிரிப்ஸில் கலந்து, சொட்டுகளை எண்ணி ஏற்றுவார்கள். நர்ஸ் பக்கத்திலிருந்து குழந்தையின் இதயத் துடிப்பையும், வலி வரும் இடைவெளியையும் கவனிப்பார். சிக்கல் தெரிந்தால் சொட்டை உடனே நிறுத்திவிடலாம். தசையில் இறங்கிய மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை.

இன்னொன்று, இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் பையில் வைத்துக்கொண்டு அலைந்தால் வீரியம் குறைந்துவிடும்.

நர்ஸ் ஏன் முழங்காலைத் தட்டுகிறார்?

கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் எகிறினால் வலிப்பு வரலாம். அதைத் தடுக்கப் போடுவது மெக்னீசியம் சல்பேட் ஊசி. அளவு மீறினால் இதே மருந்து மூச்சையே அடக்கிவிடும். அதனால்தான் அடுத்த டோஸுக்கு முன் நர்ஸ் முழங்காலைத் தட்டிப் பார்க்கிறார். நிமிடத்துக்கு 16 மூச்சாவது இருக்கிறதா என்று எண்ணுகிறார். சிறுநீரின் அளவைக் குறிக்கிறார். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் பெயரைக் கேட்பதும், மருந்துக் குப்பியின் லேபிளைத் திரும்பப் படிப்பதும் இதற்காகத்தான். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தில் ஒன்று தவறினாலும் மருந்தே ஆபத்தாகிவிடும்.

உள்ளூர்ப் பெண்களால் முடியுமா?

முடியும் என்பதற்கு இதே மாவட்டத்தில் சாட்சி இருக்கிறது. அரூர் பக்கமுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-ல் ஒரு குடிசையில் சிகிச்சையைத் தொடங்கினார்கள். அங்கிருந்த பழங்குடிப் பெண்களையே நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். அப்போது அங்கே பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. பின்னாளில் அந்த எண்ணிக்கை சுமார் 20 ஆகக் குறைந்தது. முறையாகப் பயிற்சி பெற்ற நர்ஸ், மருந்துக்கு நிகரான பாதுகாப்பு.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு போட வேண்டாம். சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோடு போடலாம். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இயல்புதான். பயந்து நிறுத்த வேண்டாம்.

* இடுப்பு வலி, கால் வலி என்று கடையில் கேட்டு மாத்திரை வாங்க வேண்டாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை 5 மாதத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கலாம்.

* வலிப்பு, தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பழையபடி தொடரவும் வேண்டாம். வலிப்பு மருந்து சாப்பிடுபவர்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே கேட்பது நல்லது.

* சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய் நர்ஸம்மாவிடம் காட்டுங்கள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

* கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல்... இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

மலையில் வாழும் குடும்பங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு. பிரசவத் தேதி நெருங்கும்போதே, எங்கே தங்கலாம் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு, வலி வருவதற்கு முன்பே கர்ப்பிணியைக் கீழே அழைத்து வந்துவிடுவது. மலையடிவாரத்தில் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்குவதற்கென்றே தமிழகத்தில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் உள்ளன. வலி வரும்போது கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டால், அவசர ஊசியைத் தேடும் நிலையே வராது.