இரத்தப் பிரிவும் மன இறுக்கமும்

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் வாழும் கல்லூரி மாணவன் ஒருவன் நம்மிடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம்: “தேர்வு நெருங்கினால் எனக்கு உறக்கம் வருவதில்லை. என் தோழனோ கவலையின்றி உறங்குகிறான். என் இரத்தப் பிரிவுதான் இதற்குக் காரணமா?”

1901ஆம் ஆண்டு வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் அறிஞர் இரத்தப் பிரிவுகளைக் கண்டு வெளியிட்டார். சிவப்பணுக்களின் மேற்பரப்பில் ஒருவகைச் சர்க்கரைப் பொருள் இருப்பின் ஏ பிரிவு. மற்றொரு வகை இருப்பின் பி. இரண்டும் இருப்பின் ஏபி. இரண்டும் இல்லையேல் ஓ. மன இறுக்கமோ வேறோரிடத்தில் தொடங்குவது. மூளை அபாயத்தை உணர்ந்ததும், சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் அகலுகிறது.

இவ்விரண்டிற்கும் தொடர்பு உண்டா? இரத்தப் பிரிவைக் கொண்டே மனப்பாங்கை அறியலாம் என 1927இல் ஜப்பானியப் பேராசிரியர் ஃபுருகாவா எழுதினார். அந்நம்பிக்கை அந்நாட்டில் வேரூன்றிவிட்டது. ஆனால், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் திரட்டிய விடைகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வு, குறிப்பிடத்தக்க தொடர்பு ஏதும் காணவில்லை.

ஆயினும் ஆராய்ச்சியாளர் சிலர் இக்கேள்வியை விடவில்லை. அதற்கும் காரணம் உண்டு. இரத்தப் பிரிவை வகுக்கும் மரபணு ஒன்பதாம் குரோமோசோமில் உள்ளது. டோப்பமினை நார்அட்ரினலினாக மாற்றும் நொதியின் மரபணுவும் அதற்கு அருகிலேயே உள்ளது. ஆனால் அடுத்த வீட்டில் குடியிருப்பதனாலேயே ஒருவர் உறவினர் ஆகிவிடுவாரா?

எண்ணிப் பார்ப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். நூறு மாணவருள் நாற்பதின்மர் ஓ பிரிவினர் எனக் கொள்வோம். கவலையுற்ற பத்துப் பேரில் நால்வர் ஓ பிரிவினராயிருப்பது இயல்பேயன்றி வியப்பன்று. அந்நால்வரை மட்டும் கண்டு, “ஓ பிரிவே கவலைக்குக் காரணம்” என்று முடிவுகட்டுதல் தவறு.

இரத்தப் பிரிவு உயிர்காக்கும் உண்மை. 1952இல் பம்பாயில் டாக்டர் பேண்டே முதலானோர் அறிவித்த அரிய ‘பம்பாய்ப் பிரிவின’ருக்கு, அதே பிரிவு இரத்தமே ஏற்றவேண்டும். ஆகவே உங்கள் பிரிவை அறிந்து வையுங்கள், இரத்ததானம் செய்யுங்கள்.

ஆனால் மனம் தளரும்போது, “என் இரத்தமே இப்படி” என்று ஓய்ந்துவிடாதீர்கள். பிரிவை மாற்ற முடியாது, பழக்கத்தை மாற்றலாம். வேளைக்கு உறங்குங்கள், மாலையில் விளையாடுங்கள். பாரம் மிகுந்தால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள்.